மருத்துவமனைச் சவப்பரிசோதனையும் திசுக்களை வைத்துக்கொள்ளக் குடும்பத்தார் தரும் ஒப்புதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்குப் பொது மருத்துவமனையிலோ கோலாலம்பூர் மருத்துவமனையிலோ ஒருவர் இறந்த சில மணி நேரத்துக்குள் "சவப்பரிசோதனைக்குச் சம்மதிக்கிறீர்களா?" என்ற கேள்வி வரும்போது, குடும்பத்தார் அநேகமாக இறுதிச் சடங்கு ஏற்பாட்டாளரோடும் வெளியூரிலிருந்து வரவேண்டிய உறவினர்களோடும் தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த அவசரத்தில் இரண்டு வேறு வேறு சம்மதங்கள் ஒரே கையொப்பத்தில் கலந்துபோய்விடுகின்றன. உடலைத் திறந்து பார்ப்பதற்கான சம்மதம் ஒன்று. பார்த்த பிறகு அதிலிருந்து எடுத்த திசுக்களை வைத்துக்கொள்வதற்கான சம்மதம் மற்றொன்று. இரண்டையும் பிரித்துப் பார்த்துப் பதில் சொல்ல உதவுவதே கீழ்வரும் கேள்வி பதில்களின் நோக்கம்.

மருத்துவமனைச் சவப்பரிசோதனை என்பது எது?

மருத்துவமனையில் சிகிச்சை பெற்று இயற்கையாக இறந்த ஒருவரின் நோய் எது, அது எவ்வளவு பரவியிருந்தது, கொடுத்த சிகிச்சை எந்த அளவுக்குப் பலித்தது என்பவற்றை அறிய, சிகிச்சை அளித்த மருத்துவர்கள் குடும்பத்தாரிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டுமே செய்யப்படும் பரிசோதனை இது. இதில் குற்ற விசாரணை எதுவும் இல்லை. மருத்துவமனை கேட்கிறது என்பதாலேயே "ஏதோ தவறு நடந்திருக்கிறது" என்று எண்ணிவிட வேண்டியதில்லை. அதேபோல், மருத்துவமனையின் மீது குறை இருப்பதாக நினைக்கும் குடும்பம் தானே முன்வந்து இதைக் கேட்பதிலும் தடையில்லை.

போலீஸ் உத்தரவிடும் சவப்பரிசோதனையிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

நம் நாட்டில் நடக்கும் சவப்பரிசோதனைகளில் பெரும்பாலானவை போலீஸ் உத்தரவின்பேரில் நடப்பவை என்பதால், இந்த வேறுபாட்டை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. திடீர் மரணம், விபத்து, தற்கொலை, வன்முறை, காரணம் தெரியாத இறப்பு, மருத்துவமனைக்கு வருவதற்கு முன்பே உயிர் பிரிந்த நிலை ஆகியவை போலீசுக்குத் தெரிவிக்கப்படுகின்றன. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 329 முதல் 331 வரையுள்ள பிரிவுகளின்படி விசாரணை அதிகாரி மரணத்தை விசாரித்து, சந்தேகத்துக்கு இடமிருந்தால் அரசாங்க மருத்துவ அதிகாரியிடம் உடலைப் பரிசோதனைக்கு ஒப்படைக்கிறார். அந்த உத்தரவு "போலீஸ் 61" என்ற பாரத்தில் வரும். இந்த வகையில் குடும்பத்தாரின் சம்மதம் தேவையில்லை. மறுத்தாலும் பரிசோதனை நடக்கும். இறப்பின் காரணத்தை அறியத் தேவை என்றால் உடலின் எந்தப் பகுதியையும் பகுப்பாய்வுக்கு அனுப்பவும் அதே சட்டம் இடமளிக்கிறது.

இறந்தது விபத்தால்தான், காரணமும் தெளிவாகத் தெரிகிறது என்று விசாரணை அதிகாரி திருப்தியடைந்தால், பரிசோதனை இல்லாமலே உடலை ஒப்படைக்க அவருக்கு அதிகாரம் உண்டு. ஆகவே மத அடிப்படையிலோ வேறு காரணத்தாலோ பரிசோதனை வேண்டாம் என்று கருதும் குடும்பம் அதைப் பிணவறை ஊழியரிடம் வாதாடுவதில் பயனில்லை. விசாரணை அதிகாரியிடம் மரியாதையாக, காரணத்தோடு சொல்ல வேண்டும். முடிவு அவருடையதுதான்.

இதற்கு மாறாக, மருத்துவமனைச் சவப்பரிசோதனையில் குடும்பத்தாரின் சம்மதமே அடிப்படை. உங்கள் முன்னால் நிற்பவர் எந்த வகையைப் பற்றிப் பேசுகிறார் என்று புரியவில்லையானால், "இது போலீஸ் கேஸா, நாங்கள் வேண்டாம் என்று சொல்லலாமா?" என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.

மறுத்தால் உடலைத் தர மாட்டார்களா?

தருவார்கள். மருத்துவமனைச் சவப்பரிசோதனையை மறுப்பதற்காக உடலை நிறுத்தி வைக்க முடியாது. காரணமும் சொல்ல வேண்டியதில்லை.

நோய் என்னவென்று மருத்துவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். பிறகு எதற்கு இது?

ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் வந்த பிறகு இந்த வகைச் சவப்பரிசோதனை உலகெங்கும் குறைந்துவிட்டது உண்மை. ஆனாலும், உயிரோடு இருக்கும்போது பிடிபடாத செய்திகள் சில உண்டு. நுரையீரல் இரத்தக் குழாயை அடைத்த உறைந்த இரத்தக் கட்டி, யாரும் எதிர்பாராத காசநோய், புற்றுநோய் தொடங்கிய உண்மையான இடம், மறதி நோயின் சரியான வகை போன்றவை திசுவை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே உறுதியாகின்றன. மாரடைப்பிலேயேகூட, முதல் சில மணி நேரத்தில் இதயத் தசையில் ஏற்பட்ட சேதம் வெறும் கண்ணுக்குப் புலப்படாது.

குடும்பத்துக்கு நேரடியாகப் பயன்படும் செய்தியும் வரலாம். இதயத் தசை அளவுக்கு மீறித் தடிக்கும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு அந்த மரபணுக் கோளாறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. நாற்பது வயதில் போன அண்ணனுக்கு அதுதான் என்று தெரிந்தால், தம்பி தங்கைகளும் பிள்ளைகளும் இதயப் பரிசோதனை செய்துகொள்ளலாம். "போனவர் போய்விட்டார், இனி தெரிந்து என்ன" என்று பெரியவர்கள் சொல்வது ஆற்றாமையில் வரும் சொல். இத்தகைய குடும்பங்களில் அது பொருந்தாது.

நாட்டுக்குக் கிடைத்த பயனுக்கு நம் கண்முன்னே ஒரு சான்று இருக்கிறது. 1998இலும் 1999இலும் பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணையாளர்களைத் தாக்கிய மூளைக்காய்ச்சலை முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதினார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் அது புதிய வைரஸ் என்று கண்டறியப்பட்டது, அதுவே நிப்பா. நோய் கண்ட 265 பேரில் 105 பேர் மாண்டார்கள். அந்த வைரஸ் மூளையின் சிறு இரத்தக் குழாய்களை எவ்வாறு சிதைத்தது என்பதை, இறந்தவர்களின் சவப்பரிசோதனைத் திசுக்கள்தான் மருத்துவ உலகத்துக்குக் காட்டின.

கையொப்பமிட வேண்டியவர் யார்?

வழக்கத்தில் கணவன் அல்லது மனைவி, அவர் இல்லையென்றால் வயது வந்த பிள்ளைகள், பிறகு பெற்றோர், பிறகு உடன்பிறந்தவர்கள். மருத்துவமனைப் பாரத்தில் "வாரிஸ்" என்று இருக்கும் இடம் இவர்களுக்குரியது. நம் வீடுகளில் வழக்கமாக நேர்வது வேறு: பெரியப்பாவோ மூத்த மாமாவோ பொறுப்பெடுத்துப் பேசுவார், மனைவி ஓரமாக உட்கார்ந்திருப்பார். பெரியவர்கள் துணை நிற்பது நல்லதே. ஆனால் முடிவு மனைவியுடையது, அல்லது பிள்ளைகளுடையது. மருத்துவர் விளக்கிச் சொல்லும்போது அவர்கள் அந்த அறையில் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குள் கருத்து வேறுபட்டால், ஒருவர் சம்மதித்ததை வைத்துக்கொண்டு அவசரமாக நடத்துமாறு கேட்காமல், எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை நிறுத்திவைப்பதே முறை. இறந்தவர் உயிரோடிருந்தபோது "என் உடம்பைக் கத்தி வைக்கவிடாதீர்கள்" என்று சொல்லியிருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

பாரம் மலாய் மொழியில் இருக்கிறது. அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். என்ன செய்வது?

தமிழில் விளக்கச் சொல்லுங்கள். தமிழ் தெரிந்த தாதியோ மருத்துவரோ பெரும்பாலான பெரிய மருத்துவமனைகளில் இருப்பார்கள். பிள்ளைகளே மொழிபெயர்ப்பது எளிதென்றாலும், துக்கத்தில் இருக்கும் மகன் "மூளையை எடுத்து வைத்துக்கொள்வார்கள்" என்ற வரியைத் தாயிடம் சொல்லாமல் விட்டுவிடுவது இயல்பு. சொல்லாமல் விட்ட அந்த வரிதான் பின்னால் குடும்பத்தில் பிளவாகிறது.

உடலை என்ன செய்வார்கள்? முகத்தைப் பார்க்க முடியுமா, குளிப்பாட்ட முடியுமா?

முழுப் பரிசோதனை சாதாரணமாக இரண்டு மூன்று மணி நேரம் எடுக்கும். முதலில் வெளிப்புறத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். பிறகு கழுத்தின் அடியிலிருந்து அடிவயிறுவரை திறந்து, உறுப்புகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து எடைபோட்டு, அறுத்துப் பார்த்து, தேவையான இடத்தில் சிறு துண்டுகளை எடுப்பார்கள். மூளையைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு காதுக்குப் பின்னாலிருந்து மறு காதுவரை உச்சந்தலை வழியாகக் கீறுவார்கள். தையல் முடிக்குள் மறைந்துவிடும். உறுப்புகளை உடலுக்குள்ளேயே திரும்ப வைத்துத் தைத்து, கழுவித் துடைத்துத் தருவது நடைமுறை. முகத்தில் கத்தி படுவதில்லை. ஆடை அணிவித்த பிறகு வாய்க்கரிசி போடவும் முகம் பார்க்கவும் எந்தத் தடையும் இல்லை.

குளிப்பாட்டுவதைப் பொறுத்தவரை, தையல் உள்ள உடலில் நீர் கசியக்கூடும். வீட்டில் எண்ணெய், அரப்பு வைத்துக் குளிப்பாட்டும் வழக்கம் உங்களுக்கு முக்கியமென்றால் அதைப் பரிசோதனைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். தையலை நீர் புகாமல் ஒட்டித் தர ஊழியர்களால் முடியும். தலைமுடியை மழித்த அல்லது முடி உதிர்ந்த பெரியவருக்குத் தலைத் தையல் தெரியும் என்பதையும் முன்கூட்டியே நினைவில் கொள்ளுங்கள். ஒரு வேட்டித் துண்டோ தலைப்பாகையோ போதும்.

முழு உடலையும் திறக்காமல் செய்ய முடியாதா?

முடியும். மார்பை மட்டும், வயிற்றை மட்டும், அல்லது ஊசி வழியாக ஈரலிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் சிறு மாதிரிகள் மட்டும் என்று சம்மதத்தை எல்லைப்படுத்தலாம். தலையைத் தொட வேண்டாம் என்று எழுதலாம். அப்படி எல்லைப்படுத்தினால் விடையும் எல்லைக்குட்பட்டதாகவே இருக்கும் என்பதை மருத்துவர் சொல்வார். அது நியாயமான எச்சரிக்கை.

சி.டி. ஸ்கேன் வழியாக உடலைத் திறக்காமல் பார்க்கும் முறையும் இருக்கிறது. கோலாலம்பூர் மருத்துவமனை வளாகத்திலுள்ள தேசியத் தடயவியல் மருத்துவக் கழகத்தில் 2010ஆம் ஆண்டளவிலிருந்து இது பயன்பாட்டில் உள்ளது. எலும்பு முறிவு, மூளைக்குள் இரத்தக் கசிவு, உடலில் தங்கிய குண்டு ஆகியவற்றை ஸ்கேன் நன்றாகக் காட்டும். நுரையீரல் இரத்தக் கட்டி, புதிய மாரடைப்பு, தொற்று போன்றவற்றில் அது தடுமாறும். ஆகவே ஸ்கேன் எல்லாவற்றுக்கும் மாற்று என்று சொல்லிவிட முடியாது.

"திசு" என்று பாரத்தில் எழுதியிருப்பது எவ்வளவு?

இதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும். மிகச் சிலரே கேட்கிறார்கள். ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் அஞ்சல் தலை அளவில், மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்தில் துண்டுகள் எடுக்கப்படும். அவை ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் ஊறி, நீர் நீக்கப்பட்டு, பாரஃபின் மெழுகில் பதிக்கப்படும். அந்த மெழுகுக் கட்டியிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 250இல் ஒரு பங்கு கனமுள்ள சீவல்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். இவைதான் "பிளாக்" என்றும் "ஸ்லைடு" என்றும் சொல்லப்படுபவை. இவற்றை மருத்துவப் பதிவின் ஒரு பகுதியாகவே ஆய்வகங்கள் கருதுகின்றன, ஆண்டுக்கணக்கில் பத்திரப்படுத்துகின்றன.

அப்படிப் பத்திரப்படுத்துவதில் அர்த்தம் இருக்கிறது. 1918ஆம் ஆண்டின் கொடிய இன்ஃபுளுவென்சாவில் இறந்த அமெரிக்கப் படைவீரர் ஒருவரின் மெழுகுக் கட்டியிலிருந்து, ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின் 1997இல், அந்த வைரஸின் மரபணுத் துண்டுகளைப் பிரித்தெடுத்தார்கள். உங்கள் குடும்பத்துக்கும் இது பொருந்தும்: பத்தாண்டு கழித்துப் பேரனுக்கு ஒரு நோய் வந்து, தாத்தாவுக்கும் அதுதான் இருந்ததா என்ற கேள்வி எழுந்தால், பதில் அந்தக் கட்டியில் இருக்கலாம்.

முழு உறுப்பை வைத்துக்கொள்வது இதிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. பாரத்தில் "திசு" என்ற ஒரே சொல் இரண்டையும் மூடியிருந்தால் கையொப்பமிடாதீர்கள். "துண்டுகள் மட்டுமா, முழு உறுப்பா, எந்த உறுப்பு, எத்தனை நாள்?" என்று கேட்டு, பதிலைப் பாரத்திலேயே எழுதச் செய்யுங்கள்.

எப்போது முழு உறுப்பை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்? பதினாறாம் நாள் காரியத்துக்குள் திரும்பக் கிடைக்குமா?

பெரும்பாலும் மூளை, சில வேளைகளில் இதயம். புதிதாக எடுத்த மூளை மிகவும் மென்மையானது, அறுத்தால் நிலைகுலையும். அதனால் ஃபார்மலினில் இரண்டு மூன்று வாரம் ஊறவைத்துக் கெட்டிப்படுத்திய பிறகே நுணுக்கமாக அறுத்துப் பார்ப்பார்கள். பிறவியிலேயே சிக்கலான அமைப்புக் கோளாறு உள்ள இதயத்தையும் அந்தத் துறையின் நிபுணர் பார்ப்பதற்காக வைத்துக்கொள்ள நேரிடலாம்.

இந்தக் கணக்கு நம் சடங்குகளோடு ஒத்துப்போவதில்லை. தகனம் பெரும்பாலும் மறுநாளே முடிந்துவிடும். அதற்கடுத்த நாள் பால் தெளித்து எலும்பு பொறுக்கி, தெலுக் பாஹாங் கடலிலோ கிள்ளான் துறைமுகத்திலோ அஸ்தியைக் கரைத்துவிடுகிறோம். பதினாறாம் நாள் கருமக்கிரியை முடியும்போதும் மூளை இன்னும் ஆய்வகத்தில்தான் இருக்கும். ஆகவே மூன்றில் ஒன்றை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். பரிசோதனை முடியும்வரை தகனத்தைத் தள்ளிப்போடுவது ஒன்று. நடைமுறையில் இதற்குத் துணிபவர்கள் குறைவு. உறுப்பைப் பிறகு பெற்றுக்கொண்டு தனியாகத் தகனம் செய்வது இன்னொன்று. பத்து காந்தோங் அல்லது செராஸ் மின்சுடலையில் இதற்கு என்னென்ன கடிதம் வேண்டும் என்று முன்பே விசாரித்து, மருத்துவமனையிடமிருந்து எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். மூன்றாவது, உரிய மரியாதையோடு அப்புறப்படுத்தும் பொறுப்பை மருத்துவமனையிடமே விடுவது.

உடல் முழுமையாக இல்லாமல் எரித்தால் ஆன்மா சாந்தியடையாது என்ற அச்சத்தைப் பலர் வெளியில் சொல்லாமல் மனத்துக்குள் வைத்துக்கொள்கிறார்கள். இந்து சமயத்தில் இதற்கென ஒரே விதி கிடையாது. விபத்தில் உறுப்பிழந்தவர்களுக்கும் நாம் முழுச் சடங்கும் செய்துதான் அனுப்புகிறோம். ஆனாலும் அச்சம் இருக்கிறதென்றால் அது இருக்கிறது. அதை மருத்துவரிடம் சொல்லி, முழு உறுப்பு வேண்டாம், சிறு துண்டுகள் மட்டும் எடுங்கள் என்று எல்லைப்படுத்துவது யாரும் குறை சொல்ல முடியாத முடிவு.

ஒப்புதலைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவது ஏன்?

இங்கிலாந்தில் நடந்த ஒன்று இதற்கு முக்கியக் காரணம். லிவர்பூலிலுள்ள ஆல்டர் ஹே குழந்தைகள் மருத்துவமனையில், சவப்பரிசோதனை செய்யப்பட்ட நூற்றுக்கணக்கான குழந்தைகளின் உறுப்புகள் பெற்றோருக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளப்பட்டிருந்தது 1999இல் வெளிவந்தது. பிரிஸ்டலிலும் இதுபோன்றே நடந்திருந்தது. பெற்றோர் பலர் பாரத்தில் கையொப்பமிட்டுத்தான் இருந்தார்கள். ஆனால் "திசு" என்றால் குழந்தையின் முழு இதயம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சிலர் ஒரே பிள்ளைக்கு இரண்டு மூன்று முறை இறுதிச் சடங்கு செய்ய நேர்ந்தது. 2001இல் விசாரணை அறிக்கை வந்தது. 2004இல் அந்நாட்டில் மனிதத் திசுச் சட்டம் புதிதாக இயற்றப்பட்டு, முறையான சம்மதம் இல்லாமல் திசுவை வைத்துக்கொள்வது குற்றமாக்கப்பட்டது.

மலேசியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

இங்கே 1974ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டம், அதாவது 130ஆம் சட்டம், நடைமுறையில் உள்ளது. சிகிச்சைக்காகவோ மருத்துவக் கல்விக்காகவோ ஆராய்ச்சிக்காகவோ இறந்தவரின் உடற்பகுதிகளை எடுப்பதை அது கையாள்கிறது. இறந்தவர் எழுத்தில், அல்லது கடைசி நோயின்போது இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் வாய்மொழியாக விருப்பம் தெரிவித்திருந்தால் அதன்படி செய்யலாம். இல்லையென்றால், இறந்தவர் ஆட்சேபித்ததாகவோ, கணவன், மனைவி, நெருங்கிய உறவினர் ஆகியோர் ஆட்சேபிப்பதாகவோ இல்லை என்பதை விசாரித்து அறிந்த பிறகே அனுமதிக்கலாம். ஐம்பது ஆண்டுக்கு முந்திய இந்தச் சட்டம் ஆட்சேபணை இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. விளக்கிப் பெற்ற சம்மதம் எப்படி அமைய வேண்டும் என்பதைப் பின்னாளைய இங்கிலாந்துச் சட்டம்போல் விரித்துரைப்பதில்லை. அந்த இடைவெளியை மருத்துவமனையின் பாரமும், அதை நிரப்பும் மருத்துவரின் பொறுமையும், கேள்வி கேட்கும் உங்கள் துணிவும்தான் நிரப்புகின்றன.

ஆராய்ச்சிக்கும் கற்பித்தலுக்கும் வைத்துக்கொள்ளலாமா என்று தனியாகக் கேட்கிறார்களே?

தனியாகக் கேட்பதுதான் சரி. இறப்பின் காரணத்தை அறியத் துண்டு எடுப்பதற்குச் சரி என்றும், ஆராய்ச்சிக்கு வேண்டாம் என்றும் ஒருவரே சொல்லலாம். சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் நடக்கும் ஆராய்ச்சிகள் அமைச்சின் மருத்துவ ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற வேண்டியவை. பெயர் நீக்கப்படுமா, மரபணுச் சோதனை நடக்குமா, அதில் குடும்பத்துக்குத் தெரிய வேண்டிய செய்தி கிடைத்தால் சொல்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

இது உறுப்பு தானமா?

இல்லை. தானம் செய்த உறுப்பு இன்னொருவருக்குப் பொருத்தப்படுகிறது. அதற்கான உறுதிமொழியும் ஏற்பாடும் வேறு. உடல் முழுவதையும் மருத்துவ மாணவர்களின் பயிற்சிக்குத் தருவதும் வேறு; மலாயாப் பல்கலைக்கழகத்தில் 2012 முதல் நடக்கும் "மௌன ஆசான்" திட்டம் அந்த வகை. சவப்பரிசோதனைப் பாரத்தில் கையொப்பமிடுவதால் இவற்றில் எதற்கும் நீங்கள் சம்மதித்ததாகாது.

தகனம் முடிந்த பிறகு சந்தேகம் வந்தால்?

புதைத்த உடலைத் தோண்டியெடுத்துப் பரிசோதிக்க மாஜிஸ்திரேட் உத்தரவிட முடியும். எரித்த உடலுக்கு அந்த வழி இல்லை. இந்துக் குடும்பங்களில் பெரும்பாலானவை தகனமே செய்வதால், அந்த முதல் நாளின் முடிவுக்கு மற்றவர்களுக்கு இல்லாத கனம் நமக்கு இருக்கிறது.

2009இல் சிலாங்கூரில் போலீஸ் காவலில் இறந்த ஓர் இந்திய இளைஞரின் வழக்கு பலருக்கு நினைவிருக்கும். முதல் சவப்பரிசோதனை நுரையீரலில் நீர் கோத்ததைக் காரணமாகச் சொன்னது. குடும்பத்தார் ஏற்காமல், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் இரண்டாவது பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார்கள். அது உடலெங்கும் இருந்த அடிகாயங்களையும், தசைச் சிதைவால் சிறுநீரகம் செயலிழந்ததையும் வெளிப்படுத்தியது. உடல் தகனமாகியிருந்தால் அந்த இரண்டாவது பரிசோதனைக்கே இடமிருந்திருக்காது. காவலில் நேரும் மரணம் இன்று மரண விசாரணை நீதிமன்றத்துக்குப் போகிறது; அங்கும் முதலில் கேட்கப்படுவது உடல் என்ன சொன்னது என்பதே.

சாதாரண மருத்துவமனை மரணத்தில் இந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனாலும் மனத்தில் ஓர் உறுத்தல் இருந்தால், "எரித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். தகனத்துக்குப் பின் எஞ்சியிருப்பது மருத்துவக் குறிப்புகளும், எடுத்திருந்தால், அந்த மெழுகுக் கட்டிகளும் மட்டுமே.

இறந்து பிறந்த குழந்தைக்கும், பிறந்து சில நாளில் இறந்த குழந்தைக்கும் இதைக் கேட்பது ஏன்?

அடுத்த குழந்தைக்காக. சிசுவின் உடலிலும் நஞ்சுக்கொடியிலும் கிடைக்கும் விடை, மறுபடியும் அப்படி நேருமா என்ற கேள்விக்கு மருத்துவர் நிதானமாகப் பதில் சொல்ல உதவும். குழந்தையைத் திறக்க மனம் ஒப்பவில்லையென்றால், நஞ்சுக்கொடியை மட்டும் பரிசோதிக்கலாம், எக்ஸ்ரே எடுக்கலாம், சிறிது தோலோ இரத்தமோ எடுத்து மரபணுக் கோளாறு பார்க்கலாம். சிசுக்களை நாம் பெரும்பாலும் எரிக்காமல் புதைக்கிறோம். பரிசோதனை அதற்குத் தடையாகாது. சம்மதம் தர வேண்டியவர்கள் தாயும் தந்தையும். "அவளுக்கு இப்போது எதுவும் தெரிய வேண்டாம்" என்று மகப்பேற்று வார்டில் படுத்திருக்கும் தாயை விலக்கிவிட்டு மற்றவர்கள் முடிவெடுப்பது அன்பினால்தான் என்றாலும், பின்னாளில் அந்தத் தாய் அதை மன்னிப்பது அரிது.

தமிழ் முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்கள்?

முஸ்லிம் குடும்பங்களுக்கு விரைவில் அடக்கம் செய்வதும் உடலுக்கு ஊறு நேராமையும் முக்கியம். சம்மதம் கேட்கும் மருத்துவரிடம் அடக்க நேரத்தைச் சொல்லிவிட்டால், முன்னுரிமை தருவதோ ஸ்கேனோடு நிறுத்துவதோ இயலுமா என்று பார்க்கலாம். பள்ளிவாசல் நிர்வாகத்தையும் கலந்துகொள்ளலாம். கிறிஸ்தவத் திருச்சபைகள் பொதுவாகச் சவப்பரிசோதனையை எதிர்ப்பதில்லை.

முடிவு எப்போது வரும்? இறப்புப் பத்திரம், காப்புறுதி தாமதமாகுமா?

வெறும் கண்ணால் பார்த்ததன் முடிவு அன்றே அல்லது மறுநாள் தெரியும். திசு முடிவுகளுக்குச் சில வாரங்கள் ஆகும். மூளையை வைத்துக்கொண்டால் இன்னும் நீளும். நச்சுப் பொருள் சோதனை தேவைப்படும் போலீஸ் வழக்குகளில் மாதிரிகள் மலேசிய இரசாயனத் துறைக்குச் செல்வதால் மாதங்கள்கூடப் பிடிக்கலாம். அடக்கம் செய்வதற்கான அனுமதி ஆய்வக முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. காப்புறுதி நிறுவனமோ சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமோ இறப்பின் காரணத்தைக் கேட்டால், ஆய்வு நிலுவையில் உள்ளது என்ற கடிதத்தை மருத்துவமனையிடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

அறிக்கை வந்ததும் சிகிச்சை அளித்த நிபுணரைச் சந்திக்க நாள் கேளுங்கள். அஞ்சலில் வரும் மருத்துவ மொழி அறிக்கையை இரவு பத்து மணிக்குத் தனியாக உட்கார்ந்து படித்துப் புரிந்துகொள்ள முயல வேண்டாம். போலீஸ் வழக்கென்றால் அறிக்கை முதலில் விசாரணை அதிகாரிக்குச் செல்கிறது. நகல் பெறுவது பற்றி அவரிடமே கேளுங்கள்.

கையொப்பமிட்ட பிறகு மனம் மாறினால்?

பரிசோதனை தொடங்கும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். எனவே பாரத்தை வாங்கும்போதே, எந்த நேரத்துக்குள் யாரை எந்த எண்ணில் அழைக்க வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வைத்துக்கொண்ட திசுவைப் பொறுத்தவரை, ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தப்படும் முன் எழுத்தில் தெரிவித்தால் நிறுத்திவைக்கக் கேட்கலாம். ஏற்கெனவே பயன்பட்டதைத் திரும்பப் பெற இயலாது. கையொப்பமிட்ட பாரத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி, இறப்புப் பத்திரத்தோடு சேர்த்து ஒரே கோப்பில் வையுங்கள். எந்த உறுப்பிலிருந்து எது எடுக்கப்பட்டது, எந்தத் தேதிவரை, யார் பொறுப்பில் என்ற விவரம் அந்த நகலில் இருக்க வேண்டும்.